அடியில் ஓடும் வரி

பாகாவ் பட்டணம். பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பாதி மூடிக்கிடக்கும் பேரங்காடியின் மூன்றாம் மாடி.
புதன்கிழமை என்பதால் டிக்கெட் எட்டு வெள்ளி.
பதினோரு பேர் உட்கார்ந்து ஒரு போரைப் பார்த்தோம்.

போர் என்றுதான் சுவரொட்டி சொன்னது.
டாங்கி இருந்தது அதில், பற்றியெரியும் பாலம் இருந்தது.
உள்ளே இருந்தது ஒரு மேசை.
ஆறு மந்திரிகள், ஒரு வரைபடம்,
இரண்டே முக்கால் மணி நேரம்
பேச்சு,
தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பேச்சு.

பக்கத்தில் எல்லப்பன்.
செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவன்.
முதல் குண்டு எப்போது விழும் என்று
கச்சான் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டிருந்தான்.
விழுந்தது, தொலைபேசியில்.
"விழுந்துடுச்சு ஐயா" என்றது ஒரு குரல்.
ஐயா ரிசீவரை வைத்தார்.

எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.
ஊர் அழியும் சத்தம் பெரும்பாலும்
ரிசீவரை வைக்கும் சத்தம்தான்.
இருபது வருசமாகத் தோட்டத்து ஆபீசில் கிராணி நான்.

இன்னொன்றும் பிடித்தது:
கையெழுத்துப் போட்ட பாதுகாப்பு மந்திரிக்கு
பேனா மூடி பொருந்தவில்லை.
மூன்று தடவை முயன்றுவிட்டு
மூடியை ஒரு பையிலும் பேனாவை ஒரு பையிலும் போட்டுக்கொள்கிறார்.
வெள்ளைச் சட்டையில் நீலம் மெதுவாக ஊறுகிறது.
யாரும் பேசவில்லை. பதினைந்து விநாடி இருக்கலாம்.
படம் அந்தப் பதினைந்து விநாடியில்தான் நடந்தது.

மற்ற நேரமெல்லாம் எல்லாருக்கும் ஒரே நாக்கு.
மந்திரி எதுகை வைத்தால் மாலுமியும் வைக்கிறான்,
சமையல்காரன்கூட வரலாற்றை மேற்கோள் காட்டுகிறான்.
பதுங்குகுழியில் குடல் சரிந்து கிடப்பவன்
சாவதற்கு முன் ஒன்றரைப் பக்கம் பேசுகிறான்,
மூச்சு வாங்காமல், காற்புள்ளி தவறாமல்.
எங்கள் மூன்றாம் டிவிஷனில்
மரம் சாய்ந்து அடியில் கிடந்த சின்னராசு
"செருப்பு எங்க?" என்று மட்டும் கேட்டான்.

திரையின் அடியில் மலாய் வரிகள் ஓடின.
பிரதமர் நாற்பது சொல்லில்
நாட்டைத் தூக்கி, சுற்றி, இறக்கும்போது
கீழே மூன்றே சொல்: கீத்தா தியாடா பிலிஹான்.
நமக்கு வேறு வழியில்லை.
முன்வரிசை மலாய்ப் பையன் அதைப் படித்துமுடித்து
சோளப்பொரிக்குள் கையை விட்டான்.
பிரதமர் இன்னும் இரண்டாவது உவமையில் இருந்தார்.
பெயர்கூடப் போடாத அந்த மொழிபெயர்ப்பாளர்
எழுதியவரைவிட நன்றாக எழுதியிருந்தார்
என்று நினைத்தேன். நினைத்ததும் உறுத்தியது.

போன ஆண்டு, மானேஜர் பங்களாவின் ஏர்கான் அறை.
முப்பத்திரண்டு வீடுகளைப் பற்றிப் பேச்சுவார்த்தை.
எங்கள் பக்கம் எல்லப்பன் பேசினான்.
ராத்திரியெல்லாம் கண்ணாடி முன் நின்று தயாரித்த பேச்சு.
ஆயக்கொட்டகை, கோயில் மணி, கூரை ஒழுக்கு,
யார் யார் எந்த வீட்டில் பிறந்தார்கள் என்பதுவரை.
நன்றாகத்தான் பேசினான்.
எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது ஒரு சொல்.
நோட்டட்.
குறிப்பெடுத்தது நான்.
'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதி
அடியில் கோடும் இழுத்தேன்.
மார்ச்சில் புல்டோசர் வந்தது.

வெளியே மழை. மோட்டார் கிளம்பவில்லை.
"பேசியே கொன்னுட்டானுங்க" என்றான் எல்லப்பன்.
"அதைத்தான் காட்டினாங்க" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. இன்னும் நாலு உதை உதைத்தான்.
ஜாலான் முனை விளக்கு வரும்வரை ஒன்றும் பேசாமல் ஓட்டினான்.
பிறகு, முகத்தைத் திருப்பாமல்,
"அந்த மந்திரி
மூடியை எந்தப் பையில போட்டான்?"